ஹீட்டர் ட்ரிப் ஆகிறதென்று எம்.சி.பி.யை மாற்றினோம், இப்போது குளியலறையில் மீன் வாடை!

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை நீளமாக எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

மாமனார் கட்டிய வீடு. வயரிங் செய்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. குளியலறையில் இருந்த 15 லிட்டர் கீசர் ஒழுக ஆரம்பிக்கவே, ஆன்லைனில் 4.5 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் ஒன்றை, ஷவரோடு சேர்த்து வாங்கியிருக்கிறார்கள். உள்ளூர் எலக்ட்ரீஷியன் பழைய கீசர் இருந்த 16 ஆம்பியர் பிளக்கிலேயே அதை மாட்டிக் கொடுத்தார். முதல் ஆள் குளிக்கும்போது ஒன்றும் இல்லை. இரண்டாவது ஆள் சோப்பு போடும் நேரத்தில் எம்.சி.பி. (மின்சாரம் அளவை மீறினால் தானாகத் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழுந்துவிடும். சில நாள் விழவே விழாது. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்து, "லோ வோல்டேஜ், கரண்ட் ஜாஸ்தி இழுக்குது. எம்.சி.பி.யும் வீக்" என்று சொல்லி, 16 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் போட்டார். அதற்குப் பிறகு ட்ரிப் ஆகவே இல்லை.

இப்போது புதுத் தொல்லை. "நாங்கள் சுத்த சைவம். ஆனால் ஹீட்டர் போட்டால் குளியலறை வாசலில் மீன் கருகுவதுபோல் வாடை வருகிறது" என்கிறார். பிளக்கைத் தொட்டால் சுடுகிறதாம். 74 வயது மாமியார், குழாயைத் திருகும்போது கையில் இரண்டு முறை 'சுருக்'கென்றது என்றிருக்கிறார். கணவர் அதை ஈரத்தின் பிரமை என்கிறார்: "எம்.சி.பி. இருக்கே, ஷாக் அடிச்சா தானா விழுந்துடும்." லண்டனில் இருக்கும் தம்பியோ, "எங்க வீட்டு ஷவருக்கு 40 ஆம்பியர் போட்டிருக்கு, நீங்களும் அதையே போடுங்க" என்று சொல்லியிருக்கிறார்.

கேள்விகள் மூன்று. 32 போதுமா, 40 போட வேண்டுமா? பிளக்கை நல்ல கம்பெனியாகப் பார்த்து மாற்றினால் வாடை நிற்குமா? மாமியார் சொல்வதை எவ்வளவு தூரம் பொருட்படுத்துவது?

சகோதரி, மூன்றாவது கேள்விக்குத்தான் முதலில் பதில். இதைப் படித்து முடிக்கும் முன்பே எழுந்துபோய் அந்த 32-ஐக் கீழே இறக்கிவிடுங்கள். யாரும் மேலே தூக்காதபடி அதன் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். பிளக்கைப் பிடுங்குவதெல்லாம் அதற்குப் பிறகு. உங்கள் மாமியார் சொல்வது பிரமை இல்லை. ஈரக் கையில் சுருக்கென்றால், எங்கிருந்தோ கசிந்த மின்சாரம் அவர் உடம்பு வழியாகத் தரைக்குப் போயிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு முறை லேசாக அடித்ததால் மூன்றாவது முறையும் லேசாகத்தான் அடிக்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. டெஸ்டரை வைத்துக் குழாயைத் தொட்டுப் பார்க்கும் வேலையை உங்கள் கணவர் செய்ய வேண்டாம்.

எம்.சி.பி. யாரைக் காப்பாற்றுகிறது?

வீட்டில் எல்லோரும் ஒரு விஷயத்தைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். எம்.சி.பி. ஹீட்டருக்காக இல்லை, ஆளுக்காகவும் இல்லை. சுவருக்குள் ஓடும் வயருக்காக இருக்கிறது. ஹீட்டர் எவ்வளவு கேட்கிறதோ அதற்கேற்ப எம்.சி.பி.யைப் பெரிதாக்கிக்கொண்டே போவது, ரத்த அழுத்தம் ஏறுகிறதென்று மீட்டரை மாற்றுவதுபோல. வயர் எவ்வளவு தாங்குமோ அதற்குள் எம்.சி.பி. இருக்க வேண்டும், அந்த எம்.சி.பி.க்குள் ஹீட்டர் அடங்க வேண்டும். வயரை மாற்றாமல் எம்.சி.பி.யை மட்டும் மாற்றினால் இந்தக் கணக்கு உடைந்துபோகிறது.

உங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 4500 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 19.6 ஆம்பியர். இதை 16 ஆம்பியர் எம்.சி.பி.யில் ஓட்டியிருக்கிறார்கள். அப்படியானால் உடனே விழுந்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். அதுதான் இல்லை. எம்.சி.பி.க்கான தரநிலைப்படி, மேலே அச்சிட்டிருக்கும் அளவைப்போல் 1.13 மடங்கு மின்சாரம் போனால் ஒரு மணி நேரம் வரை அது விழக்கூடாது. 1.45 மடங்கு போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். 16-க்கு இந்த எல்லைகள் 18-உம் 23-உம். உங்கள் 19.6 சரியாக நடுவில் மாட்டிக்கொண்டது. விழலாம், விழாமலும் போகலாம். முதல் ஆள் குளிக்கையில் எம்.சி.பி.க்குள் இருக்கும் உலோகப் பட்டை சூடேறுகிறது. அது ஆறுவதற்குள் அடுத்த ஆள் போய் ஷவரைத் திறக்கிறார். பட்டை வளைந்து எம்.சி.பி. விழுகிறது. அந்த 16 வீக் இல்லை. அது தன் வேலையைத்தான் செய்திருக்கிறது.

லோ வோல்டேஜ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரெல்லாம் இதைத்தான் சொல்கிறார்கள். மோட்டார், பழைய மாதிரி ஃப்ரிட்ஜ் இவற்றுக்கு அது பொருந்தும்: வோல்டேஜ் குறைந்தால் கரண்ட் ஏறும். ஹீட்டர் வெறும் சூடேறும் கம்பி. அதில் வோல்டேஜ் குறைந்தால் கரண்டும் குறையும். 200 வோல்ட்டில் உங்கள் ஹீட்டர் இழுப்பது 17 ஆம்பியர்தான். ஆனால் ஊரில் லோடு குறைவாக இருக்கும் விடியற்காலையில் வோல்டேஜ் 250-க்கு ஏறினால் 21 ஆம்பியரைத் தாண்டும். எந்த நேரத்தில் அதிகம் ட்ரிப் ஆனது என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

அந்த மீன் வாடை

இனி வயர். பழைய கீசர் பாயின்ட்டுக்கு 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பி.வி.சி. உறை போட்ட இந்த அளவு வயர் குழாய்க்குள் தனியாக ஓடினால், சுற்றுப்புறம் 30 டிகிரியாக இருக்கும்போது 24 ஆம்பியர் வரை தாங்கும். வெயில் காயும் கூரையடியில் 40 டிகிரி என்றால் அது 21-க்கு இறங்கும். அதே குழாயில் இன்னொரு லைனும் கூடப் போனால் 17-க்கு வந்துவிடும். இருபத்தைந்து வருட வீட்டில் ஒரு குழாய்க்குள் எத்தனை வயர் திணித்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? நீங்கள் அதில் தினமும் 19.6 ஓட்டுகிறீர்கள்.

வயரைவிட முதலில் தோற்பது பிளக்தான். 16 ஆம்பியர் பிளக் என்றால் 16 ஆம்பியருக்குத்தான். அதில் மூன்று பித்தளைப் பின்கள். சாக்கெட்டுக்குள் அவற்றைக் கவ்விப் பிடிக்கும் தகடு வருடக்கணக்கில் சொருகிப் பிடுங்கித் தளர்ந்திருக்கும். தளர்ந்த இடத்தில் சூடு, சூட்டில் இன்னும் தளர்ச்சி. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் ஒரு பின் மட்டும் கறுத்திருக்கும். சாக்கெட்டில் அதே துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறிச் சுருங்கியிருக்கும். பிளக், ஸ்விட்ச் செய்யப் பயன்படும் சில வகைப் பிளாஸ்டிக்குகள் அளவுக்கு மீறிச் சூடாகும்போது வரும் வாடை ஏறக்குறைய மீன் வாடைதான். சைவ வீட்டில் உடனே தெரிந்துவிடுகிறது. மீன் வறுக்கும் வீடுகளில் யாரும் கண்டுகொள்வதில்லை.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில்: எவ்வளவு நல்ல கம்பெனியாக இருந்தாலும் 16 ஆம்பியர் பிளக் இந்த ஹீட்டருக்கு ஆகாது. ஹீட்டர் பெட்டியில் பிளக் இல்லாமல் வெறும் வயராக வந்ததா? பிளக்கில் மாட்டாதே என்றுதான் அதற்கு அர்த்தம். கையேட்டில் எந்த அளவு வயர், எந்த எம்.சி.பி. என்று போட்டிருப்பார்கள், அதை மீறி மாட்டினால் வாரண்டி கேட்டுப் போகும்போது கையை விரித்துவிடுவார்கள்.

கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். வாஷிங் மெஷின் பாயின்ட்டும் இதே லைனிலிருந்துதான் லூப் எடுத்தது என்று. எனக்கு வாடையைவிட அதுதான் கவலை தருகிறது. வெந்நீரில் துவைக்கும் மெஷின் என்றால் அதனுள் இருக்கும் ஹீட்டர் 2 கிலோவாட்டாக இருக்கலாம், அது 8.7 ஆம்பியர். ஒரே நேரத்தில் இரண்டும் ஓடினால் 28 ஆம்பியருக்கு மேல். 2.5 வயர் சுவருக்குள் வேகும். வெளியே உங்கள் 32 சலனமில்லாமல் நிற்கும், ஏனென்றால் அதன் கணக்கில் இது ஓவர்லோடே இல்லை. பழைய 16 இருந்திருந்தால் சில நிமிடத்தில் விழுந்திருக்கும்.

லண்டன் தம்பியின் 40

அவர் தப்பாகச் சொல்லவில்லை. அவர் வீட்டுக்கு அது சரி. பிரிட்டனில் எலக்ட்ரிக் ஷவர் 8.5, 9.5, 10.5 கிலோவாட் என்று வரும். 9.5 கிலோவாட் ஷவருக்கு 240 வோல்ட்டில் கிட்டத்தட்ட 40 ஆம்பியர் வேண்டும். அதற்காக மெயின் போர்டிலிருந்து தனியாக 10 ஸ்கொயர் எம்.எம். கேபிள் இழுத்து, பிளக்கே இல்லாமல், கூரையில் கயிறு தொங்கும் ஸ்விட்ச் வழியாக நேராக ஷவருக்குக் கொடுப்பார்கள். கசிவைக் கண்டுபிடிக்கும் கருவியும் அந்த லைனில் இருக்கும். அந்த ஏற்பாட்டிலிருந்து 40 என்ற எண்ணை மட்டும் பிய்த்தெடுத்து உங்கள் 2.5 வயரில் ஒட்டவைக்க முடியாது. 32 போட்டதே தப்பு; 40 அதைவிடத் தப்பு.

இன்னொன்று. அவர்களுக்கு ஏன் 9.5 தேவைப்படுகிறது தெரியுமா? குளிர்ந்த நீர். உங்கள் ஊரும் அப்படித்தான். மார்கழியில் குழாயில் 13 டிகிரியில் தண்ணீர் வந்தால், குளிக்கும் சூடான 38-க்கு ஏற்ற 25 டிகிரி கூட்ட வேண்டும். 4.5 கிலோவாட்டால் நிமிடத்துக்கு இரண்டரை லிட்டர் சொச்சம்தான் அப்படிச் சூடாக்க முடியும். நூல்போல வரும் ஷவர் அது. விளம்பரத்தில் நனைகிறவர் நிற்பதுபோல நீங்கள் நிற்க முடியாது. அதனால்தான் ஒவ்வொருவரும் அதிக நேரம் குளிக்கிறீர்கள், எம்.சி.பி.யும் அதிகம் சூடானது.

ஷாக் அடித்தால் எம்.சி.பி. விழுமா?

விழாது. இதை உங்கள் கணவருக்குப் படித்துக் காட்டுங்கள். ஓர் ஆள் உயிர்போக ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். 32 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது கண்ணிலேயே படாத அளவு.

எர்த் இருக்கிறதே என்று கேட்பார். நம் வீடுகளில் பெரும்பாலும் எர்த் என்பது மண்ணில் புதைத்த ஒரு குழாய். அதன் வழியாக மின்சாரம் தரைக்குப் போகும் பாதையில் 5 ஓம் தடை என்று வைத்துக்கொள்வோம். பழைய வீட்டுக்கு அது நல்ல எர்த்தான். ஹீட்டருக்குள் பேஸ் வயர் கழன்று உலோக உடம்பில் பட்டால், 230-ஐ 5-ஆல் வகுக்க, 46 ஆம்பியர் பாயும். மேலே சொன்ன 1.45 மடங்கை இங்கே போட்டுப் பாருங்கள். 32-க்கு அது 46.4. அதாவது ஹீட்டர் உடம்பு முழுக்க மின்சாரம் ஏறி நிற்கும்போதும் உங்கள் எம்.சி.பி. ஒரு மணி நேரம்கூட விழாமல் இருக்க இடமுண்டு. 16-ஆக இருந்தால் ஒரு நிமிடத்துக்குள் விழும். அந்த ஒரு நிமிடமும் ஆளுக்கு அதிகம்தான்.

ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. கடையில் இன்னமும் ஈ.எல்.சி.பி. என்று கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், எங்கோ யார் வழியாகவோ கசிகிறது என்று 0.3 விநாடிக்குள் துண்டித்துவிடும். கடையில் 100, 300 மில்லி ஆம்பியரும் இருக்கும். அவை தீ விபத்தைத் தடுக்க உதவும், ஆளுக்கு உதவாது. 30 என்று அச்சிட்டிருப்பதைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள். இது ஓவர்லோடைப் பார்க்காது, எம்.சி.பி. கசிவைப் பார்க்காது, இரண்டும் வேண்டும். இரண்டு வேலையையும் ஒரே கருவி செய்வதற்கு ஆர்.சி.பி.ஓ. என்று ஒன்று இருக்கிறது. குளியலறை லைன் ஒன்றுக்கு மட்டும் போடுவதென்றால் அது வசதி.

ஆர்.சி.சி.பி. போட்ட பிறகு அடிக்கடி விழுகிறதென்று அதை பைபாஸ் செய்து கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். எர்த் சரியில்லையென்று எர்த் வயரை நியூட்ரலோடு முறுக்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். கம்பத்திலிருந்து வரும் நியூட்ரல் ஒரு நாள் அறுந்தால் வீட்டிலுள்ள ஒவ்வொரு உலோகப் பெட்டியிலும் 230 வோல்ட் ஏறும். உங்கள் வீட்டு போர்டில் அப்படி ஒரு முறுக்கு இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். மாமியார் உணர்ந்த சுருக்குக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஹீட்டரிலேயே கசிவாகவும் இருக்கலாம். எர்த் வயர் எங்கோ அறுந்தும் இருக்கலாம். ஹீட்டரில் கசிவு இருக்கிறதா என்பது மெகர் (வயரின் உறை மின்சாரத்தைத் தடுக்கிறதா என்று அளக்கும் கருவி) வைத்து அளந்தால் தெரிந்துவிடும்.

என்ன செய்யலாம்?

இரண்டு வழி இருக்கிறது.

முதலாவது, இந்த ஹீட்டரை வைத்துக்கொள்வது. அப்படியானால் மெயின் போர்டிலிருந்து இதற்கென்று தனி லைன் இழுக்க வேண்டும். 20 ஆம்பியர் எம்.சி.பி. போதாதா என்றால், 250 வோல்ட்டில் ஹீட்டர் 21 இழுக்கும், அது 20-க்குள் அடங்காது. 25 வேண்டும். 25-க்கு 4 ஸ்கொயர் எம்.எம். வயர் தனிக் குழாயில் போனால் 40 டிகிரியில்கூட ஏறக்குறைய 28 ஆம்பியர் தாங்கும், சரி. இன்னொரு லைனோடு சேர்ந்து போனால் 22 ஆகிவிடும், சரியில்லை. அதனால் 6 போடுங்கள். சுவரை இன்னொரு முறை உடைக்கும் செலவோடு பார்த்தால் வயர் விலையில் இருக்கும் வித்தியாசம் ஒன்றுமில்லை. பிளக் கூடாது. குளியலறைக்கு வெளியே 32 ஆம்பியர் டி.பி. ஸ்விட்ச், பேஸ், நியூட்ரல் இரண்டையும் அது துண்டிக்கும். பி வகை, சி வகை என்று எம்.சி.பி.யில் எழுத்து இருக்கும். ஹீட்டருக்கு பி போதும். கடையில் சி-தான் கிடைக்கிறதென்றால், 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்பும் கூட இருக்கும்பட்சத்தில் அதையே போடலாம்.

இந்த வழியில் இன்னொரு சிக்கல். உங்கள் மீட்டரில் 5-30 அல்லது 10-60 என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். சிங்கிள் பேஸில் 5-30 மீட்டர் என்றால், ஹீட்டர் ஒன்றே அதில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் மோட்டார், கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் எல்லாம். அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு, தேவைப்பட்டால் கூட்டிக்கொண்டுதான் இந்த வேலையில் இறங்க வேண்டும்.

இரண்டாவது வழி, இந்த ஹீட்டரைக் கொடுத்துவிட்டு 25 லிட்டர், 2 கிலோவாட் ஸ்டோரேஜ் கீசர் போடுவது. 8.7 ஆம்பியர். உங்கள் 2.5 வயர் நல்ல நிலையில் இருந்தால் அதுவே போதும்; புது 16 ஆம்பியர் சாக்கெட்டும் பிளக்கும், பழையபடி 16 எம்.சி.பி.யும். வாஷிங் மெஷினை மட்டும் இந்த லைனிலிருந்து பிரித்துவிடுங்கள். 13 டிகிரி தண்ணீர் 60-க்கு ஏற முக்கால் மணி நேரம் ஆகும். அதைப் பச்சைத் தண்ணீரோடு விளாவினால் குளிக்கும் சூட்டில் 45 லிட்டருக்குக் குறையாமல் கிடைக்கும். காலையில் காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் ஷவர் ஷவராக வரும்.

உங்கள் ஊர்க் குளிருக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். இன்ஸ்டன்ட் ஹீட்டர் சென்னைக்கும் மதுரைக்கும் செய்தது. அங்கே பத்து டிகிரி ஏற்றினால் போதும். எந்த வழியாக இருந்தாலும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம், எர்த்தை அளந்து பார்ப்பதும் கட்டாயம். வேலைக்கு வயர்மேன் தகுதிச் சான்று உள்ளவரைக் கூப்பிடுங்கள். பழைய எலக்ட்ரீஷியன் அண்ணனோடு சண்டை வேண்டாம், ஆனால் அவர் கழற்றிய 16 எங்கே என்று கேட்டு வாங்கி வையுங்கள். அது நல்ல எம்.சி.பி.

வேலை முடிந்ததும் ஆர்.சி.சி.பி.யில் 'T' (டெஸ்ட்) என்று குறித்த சின்னப் பட்டனை உங்கள் கண் முன்னே அழுத்தச் சொல்லுங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் கூலியை முழுதாகக் கொடுக்காதீர்கள். பிறகு மாதம் ஒரு முறை நீங்களே அழுத்திப் பாருங்கள். இரண்டாவது வழியில் போனால், ஒரு மாதம் கழித்து, கீசர் ஓடி முடிந்த கையோடு பிளக்கின் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம், சுடக்கூடாது.

அதுவரை வெந்நீரை அடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு இமர்ஷன் ராட் வாங்கி அதே சாக்கெட்டில் சொருக வேண்டாம்.